நிலவில்லாத நாட்களின் வருகைப்பதிவேடு

நான்காம் படிவம். முப்பத்தொரு பெயர்.
வந்தால் சாய்கோடு, வராவிட்டால் சுழியம்.
ஒபூயாவின் வரிசையில் சுழியங்கள்
சும்மா சிதறிக் கிடக்கவில்லை என்று
போன மார்ச்சில்தான் கண்ணில் பட்டது.
நாலைந்து சேர்ந்தே வரும்.
பிறகு மூன்று வாரம்போல ஒன்றும் இராது.
மறுபடி நாலைந்து.

கணக்கு டீச்சர் நான்,
வடிவம் தெரிந்தால் விடமாட்டேன்.
வரைபடத்தாள் எடுத்து
ஒபூயா, ஒக்கேயோ, இரட்டையர் இருவர்,
எல்லார் சுழியத்தையும் கூட்டிப் புள்ளி வைத்தேன்.
கட்டை விரலால் தடவிப் பார்க்கலாம் போல
ஒரு சைன் வளைவு.
அதன் பள்ளமெல்லாம் அமாவாசை.

நான் தேயிலை மலைக்காரி.
தீவுக்கு வந்து இரண்டு வருடம்.
ஏரிக்கரையில் யாரைக் கேட்டிருந்தாலும்
சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பார்கள்:
இருட்டினால்தான் ஒமேனா விளக்குக்கு வரும்.
நிலா காயும் இரவில் அந்த விரல்நீள மீனுக்கு
எந்த வெளிச்சத்தை நம்புவதென்று தெரியாது.
அதனால் மாதத்தில் சில இரவு
ஏரிமேல் இன்னோர் ஊர் எரியும்.
என் வகுப்பின் கடைசி வரிசை அங்கே குடியிருக்கும்.

வருகை எண்பது சதவீதத்துக்குக் கீழே,
காரணம் எழுதவும் என்று ஆய்வாளர் கேட்டார்.
நிலா என்று எழுதினேன்.
தலைமையாசிரியர் ஓங்கோரோ அதை அடித்துவிட்டு
குடும்பச் சூழல் என்று திருத்தினார்.
சரி.
மாதிரித் தேர்வு அட்டவணை என் கையில்தான் இருந்தது.
பௌர்ணமிக்கு மறுநாள் வைத்தேன், யாரிடமும் மூச்சுவிடாமல்.
முப்பத்தொரு சாய்கோடு!
தன் எச்சரிக்கைக் கடிதம் வேலை செய்துவிட்டதாக
ஓங்கோரோ ஒரு வாரம் நெஞ்சு நிமிர்த்தி நடந்தார்.

நவம்பரை நைரோபியில் அச்சடிக்கிறார்கள்.
கணிதம் இரண்டாம் தாள், காலை எட்டு மணி.
நாள்காட்டியில் அந்தத் தேதியின் மூலையில்
ஒரு கறுப்பு வட்டம்.
முந்தின ராத்திரி மட்டும் போகாதே என்றேன்.
"படகு வாடகை ராத்திரிக் கணக்கு மேடம்.
போன தவணைக் கட்டணம்
அந்த விளக்கிலிருந்துதான் வந்தது."
கட்டணம் கட்டியதும் ரசீது எழுதியது நான்தான்.
ஈரத்தில் எண் அழிந்த நோட்டுகள்.

ஏழு ஐம்பத்தைந்துக்கு வந்தான்.
சட்டைக் கையில் செதில் மினுங்கியது.
சொந்தப் பாடத்தின் ஆசிரியருக்கு அறைக்குள் இடமில்லை,
தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்றேன்.
ஒன்பதரைக்கு
சன்னலில் அவன் தலை மெல்லச் சரிந்தது.
அக்கரையிலிருந்து வந்த கண்காணிப்பாளர் பார்த்தார்.
பார்ப்பதுதான் அவர் வேலை,
எழுப்புவது அல்ல.
நான் தொட்டியின் குழாயைத் திறந்து மூடினேன்.
மறுபடி திறந்தேன்.
தண்ணீருக்கு அவ்வளவு சத்தம் இல்லை.

அப்போது அபோண்டி,
அவன் படகிலிருந்து மீன் வாங்கிக் காயப்போடுகிறவளின் மகள்,
இதுவரை ஒரு பென்சில்கூடத் தவறவிட்டு அறியாதவள்,
தன் தகர ஜாமெட்ரிப் பெட்டியை
சிமெண்டுத் தரையில் போட்டாள்.
கவராயம், பாகைமானி, இரண்டு நாணயம்,
மூடி தனியாகச் சுழன்று சுழன்று
படுக்க மனமில்லாமல் படுத்தது.
கண்காணிப்பாளர் முறைத்தார்.
அவள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே
ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள், அவசரமே இல்லாமல்.
ஒபூயா எழுந்து உட்கார்ந்திருந்தான்.

பத்தரைக்கு வெளியே வந்தபோது
அவன் கன்னத்தில் பென்சில் தடம்,
ஓர் அச்சும் கொஞ்சம் வளைவும்.
"சைன் வந்ததா?"
"வந்தது மேடம். ஏறுகிற பக்கம் போட்டேன்.
இறங்குகிற பக்கம்…"
கொட்டாவி மீதியைத் தின்றது.
கரைப்பக்கம் நடந்தான். இன்றைக்கும் இருட்டுதான்.

பரீட்சை நாளில் பதிவேடு எடுக்க வேண்டியதில்லை.
எடுத்தேன்.
அவன் கட்டத்தில் இழுத்த சாய்கோடு
கை நிற்காமல்
நாளைய கட்டத்துக்குள்ளும் போய்விட்டது.